மனை முற்றமும் பருவப் பூந்தோட்டமும்

வன்னிப் பெருநிலத்தில் ஒரு வீட்டை நாடிச் செல்வோர் முதலிற் காண்பது படலை. அடுத்துக் காண்பது முற்றம். அதன் பின்னரே வீடு. ஆகவே, முற்றமே வீட்டின் முகம் எனலாம். முற்றம் துப்புரவாகவும் பசுமையாகவும் இருக்குமாயின், ஓலை வேய்ந்த சிறு வீடும் மங்கலமாகத் தோன்றும். முற்றம் வெறுமையாயின், கல்லாற் கட்டிய பெருவீடும் எவரும் குடியிராத வீடுபோலத் தோன்றும்.

2008, 2009 ஆம் ஆண்டுகளிற் போரினால் இடம்பெயர்ந்த வன்னி மக்கள், 2009 இன் இறுதியிலிருந்து படிப்படியாகத் தம் காணிகளுக்குத் திரும்பினர். திரும்பியவர்கள் கண்டவை கூரையற்ற சுவர்களும் காடு மண்டிய வளவுகளுமே. தலைமுறையாக நின்ற மாவும் பலாவும் பல வளவுகளில் இல்லாதொழிந்தன. பின்னர்ப் பல்வேறு திட்டங்களின் கீழ் வீடுகள் எழுந்தன. 2010 இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 50,000 வீடுகளுட் பெரும்பாலானவை வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கே உரியன. இவ்வாறு வீடு கிடைத்தது. ஆயின் நிழலும் பூவும் எந்தத் திட்டத்தினாலும் ஒரு நாளில் வந்துவிடுவன அல்ல. அவற்றை அவ்வீட்டார் தம் கையாலேயே உண்டாக்குதல் வேண்டும்.

‘வயல் வேலைக்கே பொழுது போதவில்லை, பூந்தோட்டம் எதற்கு?’ என்று கமக்காரர் கேட்பது இயல்பு. அக்கேள்விக்குரிய மறுமொழி இக்கட்டுரையிற் கூறப்படுகின்றது. சுருங்கச் சொல்லின், காலமறிந்து நட்ட பூ அதிகச் செலவும் நீரும் வேண்டுவதில்லை. காய்கறித் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் துணையாகவும் நிற்கும். காலமறியாது நட்ட பூவோ கிணற்று நீரை வீணாக்கி வாடிப்போகும்.

முன்னோர் செய்த மனையலங்காரம்

முன்னாளில் வன்னியில் வாழ்ந்த கமக்காரர் மனையை அழகுசெய்யக் கடைப்பொருளை நாடவில்லை. புற்றுமண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பினர். சாணமிட்டு நிலத்தை மெழுகினர். வைக்கோலாலும் பனையோலையாலும் கூரை வேய்ந்தனர். நெல்லைச் சேமிக்கும் கொம்பறை வளவில் நின்றது. கடகம், சுளகு, ஓலைப்பாய் ஆகிய அன்றாடப் பொருள்களே பின்னல் அழகினால் வீட்டுக்கு அணிகலன்களாயின. பயனும் அழகும் அக்காலத்தில் வெவ்வேறாகப் பிரிந்திருக்கவில்லை.

இம்முறைகளுட் பல இன்றைய சீமெந்து வீட்டுக்கும் பொருந்துவன. அவற்றுட் சில வருமாறு:

கோலம்: தைப்பொங்கலன்று முற்றத்தைப் பெருக்கிச் சாணத்தால் மெழுகி, உலக்கையை நிலத்தில் வைத்து அரிசிமாவை அதன்மேல் தூவி நேர்கோடு அமைப்பது பழைய வழக்கம். இவ்வாறு அமைத்த சதுரத்தின் நடுவே அடுப்பு மூட்டிப் பொங்குவர். அரிசிமாவுக் கோலம் எறும்புக்கும் குருவிக்கும் இரையாகும். நிறப்பொடி வாங்குவோர் அதனைக் கிணற்றுக்கு அண்மையில் இடாதிருத்தல் நன்று.

தோரணம்: முற்றிய மாவிலையைக் காலையிற் பறித்து, ஈர்க்கினாற் குத்திக் கயிற்றிற் கட்டினால், அது காய்ந்தாலும் விரைவில் அழுகாது. தென்னங் குருத்தோலைத் தோரணம் அமைப்போர் ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் வெட்டலாகாது. குருத்து தென்னையின் வளர்ச்சி முனையாதலின், மிகுதியாக வெட்டினால் மரம் தளரும். மங்கல வீட்டுத் தோரணத்துக்கும் துக்க வீட்டுத் தோரணத்துக்கும் மடிப்பு வேறு. இதனை அறிந்த முதியோரிடமிருந்து இளையோர் இப்போதே பழகிக்கொள்ளல் வேண்டும். கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் தோரணம் ஒரு நாள் அழகு தந்து, பின்னர் ஆண்டுக்கணக்கில் வாய்க்காலை அடைத்துக் கிடக்கும்.

நெற்கதிர்: தைப்பூசத்திற் புதிர் எடுக்கும்போது வீட்டுக்குக் கொணரும் கதிர்க் கற்றையைப் பின்னித் தலைவாசலில் தொங்கவிடுதல் கமக்காரருக்கே உரிய அலங்காரமாகும். தன் வயலில் விளைந்த கதிரைவிடச் சிறந்த அணி ஒரு கமக்காரன் வீட்டுக்கு வேறில்லை.

பந்தல்: தகரம் அல்லது ஓடு வேய்ந்த வீட்டின் மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலிற் கொதிக்கும். அச்சுவரிலிருந்து 2 அல்லது 3 அடி தள்ளிப் பந்தலிட்டு முல்லையோ, பீர்க்கோ, அவரையோ படரவிட்டால் உள்ளே வெப்பம் தணியும். அவரையின் ஊதாப்பூவும், மாலையில் விரியும் பீர்க்கின் மஞ்சட்பூவும் காட்சிக்கு இனியன. காயோ கறிக்கு ஆகும்.

வேலியே முதற் பூந்தோட்டம்

கட்டாக்காலி மாடுகள் திரியும் ஊரில், வேலி இல்லாத பூந்தோட்டம் ஓர் இரவுக்கு மேல் நிலைக்காது. ஆகவே வேலியிலிருந்தே தொடங்குதல் முறை. அவ்வேலியையே பூக்கும் வேலியாக அமைத்தால் இரு காரியமும் ஒருங்கே நிறைவேறும்.

பூவரசங் கதியாலை மழைத் தொடக்கத்தில் ஊன்றினால் எளிதில் வேர்கொள்ளும். அதன் பூ காலையில் மஞ்சளாக விரிந்து மாலையிற் செந்நிறம் பெறும். தழை வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளையாகும். சீமைக்கிளுவை இலையுதிர்த்துத் தை, மாசி மாதங்களில் இளஞ்சிவப்புப் பூக்களைக் கொத்துக்கொத்தாகத் தரும். அதன் தழை நைதரசன் மிகுந்த பசுந்தாட் பசளையாகும். வளவின் ஒரு மூலையிற் கொன்றை ஒன்று நட்டால், அது வேர்பிடித்து வளர்ந்தபின், சித்திரை வெயிலில் ஒரு வாளி நீரும் கேளாமல் பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடும்.

வேலியோரத்தில் செவ்வரத்தை, நந்தியாவட்டை, கடதாசிப்பூ எனப்படும் போகன்விலா ஆகியவற்றை நடலாம். செவ்வரத்தையின் பென்சிற் பருமனுள்ள முற்றிய தண்டை 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, கீழ்ப்பாகத்தின் இலைகளை நீக்கி, சற்றுச் சரிவாக ஊன்றல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஊன்றிய தண்டுக்கு மழையே நீர் வார்க்கும்.

பருவத்துக்கேற்ற பூக்கள்

வன்னி உலர்வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றினால் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்றது. வைகாசிக்குப் பின்னர்ச் சோளகக் காற்று ஈரத்தை உறிஞ்சிச் செல்லும். நெல்லுக்குக் காலபோகமும் சிறுபோகமும் உள்ளவாறே பூவுக்கும் போகம் உண்டு என்பதை மறத்தலாகாது.

ஆவணி, புரட்டாசி: இது ஆயத்தக் காலம். பாத்திகளைக் கொத்தி, மக்கிய மாட்டெருவும் உமிச்சாம்பலும் கலந்து வைத்தல் வேண்டும். மல்லிகைக்கு 30 சென்ரிமீற்றர் நீள, அகல, ஆழமுள்ள குழிகளை ஏறத்தாழ 1.25 மீற்றர் இடைவெளியில் வெட்டி ஆறவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகை: பல்லாண்டு வாழும் செடிகள் யாவற்றையும் நடுவதற்கு உரிய காலம் இதுவே. மல்லிகை, முல்லை, தேமா, மாதுளை, துளசி ஆகியவற்றை இப்போது நட்டால் கோடை வருமுன் வேர் ஆழமாக இறங்கிவிடும். மாதுளம்பூவும் துளசியும் சித்திரை வருடப்பிறப்பின் மருத்துநீருக்கும் உதவுவன. இக்காலத்திற் பாத்திகள் அரை அடியாவது உயர்ந்திருத்தல் வேண்டும். தாழ்ந்த பாத்தியில் நீர் தேங்கிச் செடியின் கழுத்து அழுகும்.

பொங்கற் பூ: தைப்பொங்கலுக்குச் செண்டுப்பூச் செவ்வந்தி வேண்டுமாயின் நாளை எண்ணி விதைத்தல் வேண்டும். விதைத்ததிலிருந்து பூப்பதற்கு ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மாதம் ஆகும். ஆகவே ஐப்பசி நடுப்பகுதியில், அதாவது நவம்பர் முதல் வாரத்தில், மழை நேரே விழாத தாழ்வாரத்தில் மேடையிட்டு நாற்று விடுதல் வேண்டும். மூன்று அல்லது நான்கு வாரத்தில், நான்கு இலை விட்ட நாற்றை 30 முதல் 45 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடலாம். நுனியைக் கிள்ளினால் கிளைத்துப் பூ மிகும். ஆயின் முதற்பூ ஓரிரு வாரம் பிந்தும். கிள்ள விரும்புவோர் அதற்கேற்ப முன்னரே விதைத்தல் வேண்டும். பொங்கல் கழிந்தபின் பூத்த செவ்வந்தி அழகியதாயினும், அறுவடை முடிந்தபின் வந்த மழையை ஒத்தது.

மார்கழி இறுதி, தை: மழை ஓயும் இக்காலத்தில் பழைய மல்லிகைச் செடிகளை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, காய்ந்த கிளைகளை நீக்கி, எருவிடல் வேண்டும். புதுத் தளிர்களிலேயே மல்லிகை அரும்பு கட்டும். இவ்வாறு வெட்டிய செடி பங்குனி, சித்திரை மாதங்களில் நிறையப் பூக்கும். வெட்டாது விட்ட செடி கொடிபோல் நீண்டு இலையே மிகுந்து நிற்கும்.

மாசி முதல் சித்திரை வரை: வெயிலைத் தாங்கும் வாடாமல்லி, கோழிக்கொண்டை, பட்டிப்பூ, பத்துமணிப்பூ ஆகியவை இப்பருவத்துக்குரியன. வைகாசியில் நிகழும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை நோக்கிச் செவ்வந்தி பயிரிடுவோர் மாசியின் பிற்பகுதியில், அதாவது மார்ச் முற்பகுதியில், விதைத்தல் தகும். ஊர்க் கோயில்களின் திருவிழா நாள்களை முன்கூட்டியே குறித்து, பூவாங்குவோரிடமும் கேட்டறிந்த பின்னரே விற்பனைக்கெனப் பயிரிடல் வேண்டும். பூ நெல்லைப்போலச் சாக்கிற் கட்டி விலை ஏறும்வரை வைக்கத்தக்க பொருளன்று.

வைகாசி முதல் ஆடி வரை: புதிதாக எதனையும் நடாதிருத்தலே அறிவுடைமை. உள்ளவற்றைக் காத்தாற் போதும். முற்றிய செவ்வந்திப் பூக்களை நிழலில் உலர்த்தி, விதையைச் சாம்பலுடன் கலந்து போத்தலில் அடைத்து வைக்கலாம். கலப்பினச் செடியின் விதை தாய்ச்செடியைப்போலவே பூக்கும் எனக் கருதலாகாது.

நீர்க் கணக்கு

கோடையிற் பாத்திக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் வேண்டுமெனக் கொள்வோம். அது ஒரு சதுர மீற்றருக்கு 5 லீற்றர் ஆகும். 1 மீற்றர் அகலமும் 6 மீற்றர் நீளமும் உள்ள பாத்திக்கு 30 லீற்றர். அதாவது 15 லீற்றர் வாளியில் இரண்டு. இரு பாத்திகளுக்கு நான்கு வாளி. இவ்வளவு நீரைக் குளிக்கும் நீரிலிருந்தே பெறலாம். கிணற்றடியிலிருந்து சிறு வாய்க்கால் வெட்டி, முதலில் வாழைக்கும் பின்னர்ப் பூஞ்செடிக்கும் விடலாம். சவர்க்கார நுரை மிகுந்த நீரை நாற்றுக்கு விடுதல் ஆகாது.

வைக்கோலை வயலில் எரித்துவிடாது, ஒரு பகுதியையேனும் கொணர்ந்து பாத்தியின்மேற் பரப்பினால் ஈரம் காக்கப்படும், களையும் குறையும். காலையில் அல்லது மாலையில் வேரடியில் ஊற்றுக. நண்பகலில் இலைமேற் தெளித்த நீரிற் பெரும்பகுதி காற்றுக்கே போகும்.

ஆடி, ஆவணியிற் கிணறு அடியைத் தொடும் ஆண்டுகளும் உண்டு. அப்போது முதலிற் குடிநீர், அடுத்துக் கால்நடை, அடுத்துக் காய்கறி, அதன் பின்னரே பல்லாண்டுப் பூஞ்செடிகளின் வேர் என்ற வரிசையைக் கைக்கொள்ளல் வேண்டும். பருவப் பூக்கள் அக்காலத்தில் வாடினால் வருந்த வேண்டுவதில்லை. விதை போத்தலில் இருக்கின்றது. மழையும் திரும்ப வரும்.

பூத்தொட்டியின் கீழ்த்தட்டிலும், எறிந்த சிரட்டையிலும் நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். அவற்றை வாரம் ஒரு முறையேனும் கவிழ்த்தல் கட்டாயம்.

பூவினாற் பயிர்க்கு வரும் நன்மை

பூசணி, பாகல், புடோல் முதலியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறாக உள்ளன. தேனீயும் பிற பூச்சிகளும் வந்தாலன்றிக் காய் பிடிப்பது அரிது. ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு பூ விரிந்திருக்கும் வளவை அவை விட்டு நீங்கா. அவை நடமாடும் வேளையிற் பூச்சிநாசினி தெளிப்பவர் தம் காயைத் தாமே உதிர்ப்பவராவர்.

தக்காளிக் காயைத் துளைக்கும் புழுவுக்குச் செவ்வந்தி ஒரு பொறிப்பயிர். பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த முறைப்படி, 16 வரிசைத் தக்காளிக்கு 1 வரிசை உயரமான செவ்வந்தி நடப்படும். செவ்வந்தி நாற்று 40 நாள் வயதும், தக்காளி நாற்று 25 நாள் வயதும் உடையனவாக ஒரே வேளையில் நடுதல் வேண்டும். தாய் அந்துப்பூச்சி செவ்வந்திப் பூவை நாடி அங்கே முட்டையிடும். அப்பூக்களைத் தவறாது பறித்துப் புழுவை அழித்தாலே பயன் உண்டு. பறியாது விட்டால் பொறியே புழு வளர்க்கும் தொட்டிலாகிவிடும்.

கத்தரி, தக்காளியின் வேரில் முடிச்சு உண்டாக்கும் நெமற்றோடுப் புழுவையும் செவ்வந்தி வேர் குறைக்கவல்லது. ஆயின் ஓரத்தில் நான்கு செடி நட்டால் இப்பயன் கிட்டாது. அதே நிலத்தில் நெருக்கமாக ஏறத்தாழ இரண்டு மாதம் செவ்வந்தியை வளர்த்து, பின்னர்க் காய்கறி நடுதல் வேண்டும்.

நெல் வயலுக்கும் பூ உதவும். தாய்லாந்து, சீனம், வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளிற் பல ஆண்டுகள் நடத்தி 2016 இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி ஒன்று, வரம்பில் எள்ளு முதலிய பூக்கும் பயிர்களை வளர்த்த வயல்களிற் பூச்சிநாசினித் தெளிப்பு 70 வீதம் குறைந்ததையும், விளைச்சல் 5 வீதம் கூடியதையும், வருவாய் அடிப்படையில் 7.5 வீத நன்மை கிடைத்ததையும் காட்டியது. காரணம் எளியது. கபிலநிறத் தத்தியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதனை அழிக்கும் நுண்குளவிகள் வயலில் உள்ளன. அவற்றுக்கு உணவு பூந்தேன். பூ இருந்தால் அவை நெடுநாள் வாழ்ந்து தொழில் செய்யும். எள்ளு வன்னிக் கமக்காரர் நன்கறிந்த பயிராதலின், முதலில் ஒரு வரம்பின் உச்சியில், நீர் தேங்காத இடத்தில் விதைத்துப் பார்க்கலாம். களை மண்டி எலி வளை வைக்காதவாறு வரம்பைத் துப்புரவாக வைத்தல் அவசியம்.

அழகுடன் வரும் கேடு

அழகுள்ள யாவும் வளவுக்கு ஆகா. ஆகாயத்தாமரையின் ஊதாப்பூ கண்ணைக் கவர்வது. அந்த அழகுக்காகவே அது இந்நாட்டுக்குக் கொணரப்பட்டது. பின்னர்க் குளங்களையும் வாய்க்கால்களையும் மூடிப் பெருந்தொல்லையாயிற்று. அதனைத் தடுக்க 1909 இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டுத் தொட்டியில் வளர்த்து, மிகுந்ததைக் குளத்தில் எறிபவர் தம் வயலின் நீரைத் தாமே அடைப்பவராவர்.

பார்த்தீனியம் என்னும் களை இலங்கையில் முதன்முதலிற் பதிவானது வவுனியாவில், 1999 இல். அதன் சிறு வெண்பூக்கள் பூச்செண்டுக்கு ஏற்றவைபோலத் தோன்றும். அதனைத் தொடுவோர் பலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் உண்டாகும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை சிந்தும். பூக்குமுன் கையுறை அணிந்து வேருடன் பிடுங்குதல் வேண்டும்.

அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு. மஞ்சள் அலரியின் விதை உயிருக்கே ஆபத்தானது. கார்த்திகைக் கொடியாகிய காந்தளின் கிழங்கும் அவ்வாறே. சிறுபிள்ளைகள் உள்ள வளவிலும், மாடு ஆடு கட்டும் இடத்திலும் இவற்றை நடாதிருத்தல் நலம். எவரேனும் இவற்றை உட்கொண்டதாக ஐயம் எழுந்தாலும், கைமருந்து செய்து காலம் போக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலான எச்சரிக்கை ஒன்றுண்டு. கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதென அறிவிக்கப்படாத நிலத்திற் பூங்கன்றுக்காகவோ, வேலிக் கதியாலுக்காகவோ மண்வெட்டி இடுதல் கூடாது. விடுவிக்கப்பட்ட வளவிலும், தோண்டும்போது அறியாத உலோகப் பொருளோ பிளாஸ்ரிக் பொருளோ தென்பட்டால் தொடாமல் விலகி, அவ்விடத்துக்கு எவரும் செல்லாதவாறு தடுத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவித்தல் வேண்டும். பழைய இரும்பென எண்ணிப் பிள்ளைகள் எடுத்து விளையாடாதவாறு அவர்களுக்கும் சொல்லி வைத்தல் பெற்றோரின் கடமை.

தொடங்கும் முறை

ஒரே ஆண்டில் யாவற்றையும் செய்ய முயல்வோர் பெரும்பாலும் எதனையும் நிறைவேற்றுவதில்லை. முதலாண்டில் வேலிக் கதியாலும், நான்கு செவ்வரத்தையும், இரண்டு மல்லிகையும் போதும். இரண்டாம் ஆண்டிற் செவ்வந்திப் பாத்தி ஒன்றும் மேற்குப் பந்தலும் அமைக்கலாம். மூன்றாம் ஆண்டில் வரம்புக்கு எள்ளைக் கொண்டுசெல்லலாம். நாற்றும் தண்டும் அயல்வீட்டிலேயே கிடைக்கும். கேட்டுப் பெற்றவர் அடுத்த ஆண்டில் வேறொருவருக்குக் கொடுப்பதே அதற்கு விலை. ஐயம் உள்ளவிடத்து அண்மையிலுள்ள கமநல நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரை அணுகலாம்.

நட்ட மா காய்க்க ஆண்டுகள் பல செல்லும். மல்லிகையோ அடுத்த சித்திரையிலேயே அரும்பு கட்டும். பலமுறை எழுந்து இடம்மாறிய குடும்பத்துக்கு, மறு ஆண்டிலும் இவ்வளவிலேயே இருப்போம் என்ற நம்பிக்கை நெல்லைப்போலவே வேண்டுவதொன்று. ஐப்பசி மழையிற் படலையோரம் ஊன்றிய ஒரு தண்டு, அந்நம்பிக்கையை வெளியே காட்டி நிற்கும்.